இடம் பிடிக்கும் மாத்திரை

பேச்சியின் ரத்தம் பதினொன்று என்று கதவு சொன்னபோது, வரிசையின் கடைசிப் பக்கம் அவளுக்கு நாலு ஆள் தள்ளி அன்சிலா நின்றிருந்தாள்.

பேச்சி விரலை மேல்கோட்டில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். ஊசிமுனை மறுபடியும் குத்தியது. மறுபடியும் பதினொன்று. மேலே சிவப்பு விளக்கு. காவல்காரப் பெண் அவள் தோளைத் தொட்டு ஓரமாக நிற்கச் சொன்னாள். அன்றைக்கு ஓரமாக நின்றவர்கள் மொத்தம் ஆறு பேர். ஆறு பேருமே விடுதியின் மூன்றாம் மாடியில் இருப்பவர்கள். அன்சிலாவும் அதே மாடிதான். அவளுக்கு ஐம்பத்தெட்டு காட்டி, பச்சை எரிந்து, கதவு திறந்தது.

ஸ்கார்வெ தீவின் பேட்டரி ஆலைக்கு வேலைக்கு வருகிற எல்லாருக்கும் கப்பலிலிருந்து இறங்கிய அன்றே ஓர் ஊசி உண்டு. பெண்கள் அதை 'வால்' என்பார்கள். அந்த மருந்து ஒரு நீளமான பாலிமர் சங்கிலி. அதன் ஒரு முனை ரத்தத்தின் சிவப்பணுவைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் பயோட்டின் என்ற சின்னக் கொக்கி வாலைப் போல ஆடிக்கொண்டிருக்கும். காலையில் கதவில் விரலை வைத்தால், உள்ளே இருக்கும் வில்லை அந்தக் கொக்கிகளைப் பிடித்து எண்ணும். புது ஊசிக்கு நூறு. சிவப்பணுக்கள் சாகச் சாக எண் இறங்கும். தொண்ணூறாம் நாள் அடுத்த ஊசி. நடுவில் எண் இருபதுக்குக் கீழே போனால் ஒரே அர்த்தம்தான், அவள் ரத்தத்தை விற்றிருக்கிறாள். அனுமதியில்லாமல் தீவுக்குள் ஒளிந்திருப்பவர்கள் வால் வைத்த ரத்தத்தை வாங்கி ஏற்றிக்கொள்கிறார்கள் என்று அரசு சொல்லியிருந்தது. அப்படிப்பட்டவளை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். மறுபரிசோதனை கிடையாது.

அடுத்த கப்பல் இருபத்துநாலாம் தேதி. அன்று மூன்றாம் தேதி.

அன்சிலா வேலை பார்த்தது பேட்டரிப் பக்கம் இல்லை. கதவுக்கான ஆய்வகத்தில் மருந்து கலக்கும் மேசையில். உவரியிலிருந்து வந்த இருபத்துநாலு வயதுப் பெண், உயிர்வேதியியல் படித்தவள், எதற்கும் ஒரு தரத்துக்கு மூன்று தரம் பயப்படுகிறவள்.

சாயங்காலம் விடுதிக்கு வந்தபோது பேச்சி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆலைக்குள் விடமாட்டார்கள், கப்பல் வரும்வரை விடுதியிலேயே இருந்துகொள்ளலாம். விளாத்திகுளத்துக்காரி, முப்பத்தாறு வயது. அன்சிலா இறங்கிய முதல் வாரம் அழுதுகொண்டே இருந்தபோது தன் போர்வையில் பாதியைக் கொடுத்தவள்.

"என்னட்டி மூஞ்ச இப்பிடி வச்சிருக்க? கப்பல்ல போறது நானா நீயா?" என்றாள் பேச்சி.

பேச்சி கத்தியைக் கீழே வைத்தாள்.

"வேல போனா போட்டும்ட்டி. வேற எங்கயாவது போயி கல்லு ஒடச்சிக்கிடுவேன். ஆனா காயிதத்துல என்ன எழுதுவானுவ? ரத்தம் வித்தவன்னு எழுதுவானுவ. எம்மவ முத்துச்செல்வி நர்சுக்குப் படிக்கா. நாளைக்கு அவ ஆஸ்பத்திரியில நிக்கும்போது, இவ அம்மைதான் ரத்தத்த வித்தவன்னு ஒருத்தன் சொன்னாம்னா அவ எங்க போயி முழிப்பா?"

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. அன்சிலாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

அறைக்குப் போனதும் செல்போனில் அம்மாவின் செய்தி இருந்தது. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் அன்சிலா போனைப் பார்த்துப் பேசுவாள், போன் அதை எழுத்தாக்கி அனுப்பும். அம்மா தடவித் தடவிப் பதில் அடிப்பாள். இன்றைக்கும் அதே கேள்வி. *மக்கா சாப்டியா. மாத்திரை போட்டியா.*

"போட்டேம்மா," என்று அன்சிலா போனிடம் சொன்னாள். போன் அந்தப் பொய்யை ஒழுங்காக எழுதியது.

தீவின் உப்புத் தண்ணீரில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். அம்மா உடனே முறுக்கு, கருவாடு, முந்திரிக்கொத்தோடு ஒரு டப்பா முடி வளர்கிற மாத்திரையும் வைத்துப் பார்சல் அனுப்பிவிட்டாள். முந்தின நாள்தான் வந்தது. மூன்றாம் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பார்சல் வந்தாலும் சமையலறை மேசையில் பிரித்துப் பங்கு போட வேண்டும். ஊறுகாயாக இருந்தாலும் சரி, தைலமாக இருந்தாலும் சரி. பங்கு வாங்காமல் போவதும் கொடுக்காமல் இருப்பதும் அங்கே பேச்சு வாங்கித்தரும். மாத்திரையையும் அப்படித்தான் பங்கு போட்டார்கள். அறுபது மாத்திரை, முடி கொட்டுகிற ஆறு பேருக்கு ஆளுக்குப் பத்து. அன்சிலா தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. அம்மாவிடம் சொன்னால் வருத்தப்படுவாள் என்று பொய் சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, ஆய்வகத்தில் மூன்றாம் கழுவலுக்குக் கை நீட்டியபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் வேலை இதுதான். மருந்துத் தூள் இருக்கும் புட்டியைக் கடுங்குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்து, மூடியைத் திறக்காமல் அரைமணி நேரம் மேசையில் வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே இறங்கித் தூள் கெட்டுவிடும். பிறகு கரைத்த கையோடு சோதனை ரத்தத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் மூன்று முறை கழுவ வேண்டும். எந்த அணுவிலும் ஒட்டாமல் சும்மா மிதக்கிற கொக்கிகளை வெளியேற்றத்தான் அந்தக் கழுவல். கழுவாமல் விட்டால், மிதக்கிற கொக்கிகள் ஓடிப்போய் வில்லையில் இருக்கிற இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் சிவப்பணுவுக்கு இடமிருக்காது. நூறு இருக்க வேண்டிய ரத்தம் பத்து காட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கழுவலை மறந்து அவளே அப்படிப் பத்து காட்டியிருக்கிறாள்.

மிதக்கிற கொக்கி. பயோட்டின். அம்மா அனுப்பிய டப்பாவின் பச்சை லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒரு மாத்திரையில் பத்து மில்லிகிராம். ஆறு பேரும் மூன்றாம் தேதி காலை சாப்பிட்ட கையோடு அதை முழுங்கிவிட்டுக் கதவுக்கு வந்திருக்கிறார்கள். முடி சீக்கிரம் வளரட்டும் என்று பேச்சி சொல்லி, ஆளுக்கு இரண்டாகப் போட்டிருக்கிறார்கள். சிவப்பு வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை.

அவர்கள் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அதை யாரும் மூன்று முறை கழுவவில்லை, அவ்வளவுதான்.

அன்சிலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தான் கொடுத்த மாத்திரை. தான் மட்டும் போடாத மாத்திரை. எப்போதும் போல அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. எழுந்து கையுறையைக் கழற்றிவிட்டு ஆய்வகத் தலைவி இங்கிரித்தின் அறைக்குப் போனாள்.

இங்கிரித் அந்தத் தீவுக்காரி. ஐம்பது வயதிருக்கும். சட்டைக் காலரில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி குத்தியிருப்பாள். அது அவள் பேச்சைக் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகைத் தமிழில் சொல்லும். அவள் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பழுப்பு டப்பா இருக்கும். இருட்டும் குளிருமான அந்த ஊரில் பெண்களுக்கு முடி மெலிவது சகஜம். தீவின் மருந்துக் கடையில் குடியுரிமை அட்டை காட்டினால் அந்த முடி மாத்திரை டப்பா கிடைக்கும்.

அன்சிலா எல்லாவற்றையும் சொன்னாள். இங்கிரித் கேட்டுக்கொண்டாள்.

"தாங்கள் கூறுவது ஓர் ஊகம் மட்டுமே," என்றது காலர்.

"ஊகம் இல்ல மேடம். செஞ்சு காட்டுறேன். சோதனை ரத்தம் நூறு காட்டும். அதுல மாத்திரை போட்டவங்க ரத்தத்துல ஒரு சொட்டு கலந்தா இறங்கிரும்."

"அந்த ஆறு பெண்களின் ரத்தத்தை எவரும் நம்ப மாட்டார்."

"அவங்க ரத்தம் வேண்டாம்," என்றாள் அன்சிலா. "உங்க ரத்தம் குடுங்க."

இங்கிரித் பழுப்பு டப்பாவைப் பார்த்தாள். பிறகு அன்சிலாவைப் பார்த்தாள். விரலை நீட்டினாள்.

சோதனை ரத்தத்தை முதலில் வைத்தார்கள். நூறு. இங்கிரித்தின் ரத்தத்தில் அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சிய தெளிநீரில் ஒரு சொட்டைக் கலந்து வைத்தார்கள். ஒன்பது. இங்கிரித் தானே இன்னொரு முறை செய்தாள். எட்டு.

"மேடம், நீங்க யாருக்கும் ரத்தம் விக்கலதான?" என்று அன்சிலா கேட்டாள். கேட்ட பிறகுதான், இப்படிக் கேட்டது தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

இங்கிரித் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலர் பேசியது. "கடந்த குளிர்காலத்தில் நாற்பத்தொரு பெண்களை அனுப்பினோம். அவர்களில் எத்தனை பேர் தலைமுடிக்கு மாத்திரை உண்டனர் என்று நான் கேட்கவில்லை."

"இந்த ஆறு பேரயாவது அனுப்பாம நிப்பாட்டுங்க."

"இயலாது. கதவின் எண்ணே இறுதி. மேசைச் சோதனையைச் சட்டம் ஏற்காது. நான் எழுதினாலும் குழு கூடப் பல மாதங்கள் ஆகும்." அவள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். "சட்டம் ஒரே ஓர் இடத்தில்தான் கதவைச் சந்தேகிக்கிறது. ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் சிவப்பு வந்தால், பழுது கதவினுடையது. முந்தைய முப்பது நாட்களின் சிவப்புகள் செல்லாது. அனைவருக்கும் மறுபரிசோதனை."

அன்சிலா வாசல்வரை போய்விட்டாள். பின்னாலிருந்து காலர் அதே வாக்கியத்தை மறுபடியும் ஒருமுறை, சற்று மெதுவாகச் சொன்னது.

அன்று சாயங்காலம் மேசையைச் சுற்றிப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்சிலா முதலில் தன் பொய்யைச் சொன்னாள். மாத்திரையைத் தான் போடவில்லை என்பதையும், ஏன் போடவில்லை என்பதையும். பேச்சி பெருமூச்சு விட்டாள்.

"இத்தன வயசுக்கு ஒரு மாத்திர முழுங்கத் தெரியாது. நல்ல விஞ்ஞானிட்டி நீ. சரி, அந்த மாத்திரக்கும் கதவுக்கும் என்ன சண்ட? வெளங்குத மாதிரி சொல்லு."

"அக்கா, திருச்செந்தூர் பஸ்ஸுல கூட்டமா இருக்கும்போது என்ன செய்வீங்க?"

"சன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டப் புடிப்பேன்."

"அதேதான். கதவு சீட்ட எண்ணாது, உக்காந்திருக்க ஆள எண்ணும். வால் வச்ச அணு ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. ஏறி வந்து உக்காரணும். ஆனா அதுக்கு முன்னாடியே இந்த மாத்திர வந்து எல்லா சீட்டுலயும் துண்டப் போட்டுட்டு. ஆளுக எல்லாம் பஸ்ஸுக்கு வெளிய நிக்காங்க. கதவு எட்டிப் பாத்துட்டு, ஆளே இல்லன்னு சொல்லுது."

பேச்சி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எம் ரத்தம் எங்கயும் போவல."

"ஒரு சொட்டும் போவலக்கா. ரெண்டு நாளு மாத்திரய நிப்பாட்டுனா போதும். இப்ப வச்சா எழுபதுக்குக் கொறையாது. வைக்கத்தான் விட மாட்டாங்க."

பிறகு சட்டத்தைச் சொன்னாள். ஆறு பேர் போக ஆலையில் முந்நூற்றாறு பெண்கள். நூற்று மூன்று பேருக்கு ஒரே நாளில் சிவப்பு வர வேண்டும். கையில் மிச்சம் இருப்பது நாற்பத்தெட்டு மாத்திரை, ஆளுக்கு இரண்டு என்றால் இருபத்துநாலு பேருக்குத்தான் வரும். தீவுக் கடையில் இவர்களுக்கு மாத்திரை தரமாட்டார்கள்.

தர்மபுரிக்காரி ஜெயக்கொடி எல்லாவற்றையும் சந்தேகத்தோடு கேட்பவள். "உங்க ஆய்வகத்துலதான் அந்த வில்லைய செய்யறாங்க. அதுலயே கொஞ்சம் கலந்து விட்டுட்டா வேல முடிஞ்சிது. எதுக்கு எங்க வயித்துல போடணும்?"

"வில்லையில கை வச்சா அது திருட்டு. பழுது என்னோடதுன்னு ஆயிரும், கதவோடது ஆகாது. அந்த ஆறு பேரும் கள்ளிங்கதான்னு இன்னும் நல்லா நம்புவாங்க." அன்சிலா மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். "முடி வளர மாத்திர போடக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. நம்ம ஒளிக்கவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம். என்ன சாப்பிட்டன்னு கேட்டா மாத்திரைன்னு சொல்லுவோம்."

"நூத்து மூணுக்கு ஒரு ஆளு கொறஞ்சா?"

"சிவப்பு வந்த எல்லாரும் கப்பல்ல போவோம்."

"நீயும்?"

"நானும்."

அறைக்கு வந்து அம்மாவிடம் பேசினாள். இந்த முறை பொய்யில்லை. "அம்மா, இங்க நெறைய பேருக்கு முடி கொட்டுது. அந்த மாத்திர பெரிய பெட்டியா வேணும். சீக்கிரம் வேணும்." அரைமணி நேரத்தில் பதில் வந்தது. *எத்தனை பேருக்கு மக்கா.* அன்சிலா உதட்டைக் கடித்துக்கொண்டு போனிடம் சொன்னாள், "முந்நூறு பேருக்கும்மா."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. *ஊர் தண்ணி அப்படி* என்று மட்டும் எழுதினாள். அடுத்த நான்கு நாளில் ஊர்ச் சர்ச்சின் அன்பியக் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு உவரி, திசையன்விளை, ராதாபுரம் என்று ஒரு மருந்துக்கடை விடாமல் அலைந்திருக்கிறாள். அது பிறகு தெரிந்தது.

பெட்டி இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுங்கத்தில் பிரித்துப் பார்த்து, படிவத்தில் முடி வளர்ச்சி மாத்திரை என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். மேசையில் கொட்டினால் பச்சை டப்பாக்கள் உருண்டு கீழே விழுந்தன. நடுவில் ஒரு முந்திரிக்கொத்துப் பொட்டலமும் இருந்தது.

அந்த மேசைக்கு மற்ற மாடிப் பெண்கள் அதுவரை வந்ததே இல்லை. பார்சல் அந்தந்த மாடிக்குள்தான். அன்றைக்கு மூன்று மாடியும் படிக்கட்டில் நின்றது. தமிழ் தெரியாத பெண்களுக்கு ஜெயக்கொடியே கைச்சாடையில் பஸ்ஸும் துண்டும் காட்டி விளக்கினாள். கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வந்த ஒருத்தி மாத்திரையை வாங்கி, திருப்பி வைத்து, படியிறங்கிப் போய், மறுபடியும் ஏறி வந்து வாங்கினாள்.

பேச்சி கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்களுக்காவ நீங்க ஏன் எரியுத அடுப்புல கைய வைக்கணும்? பங்கு வாங்கலன்னு நான் ஒருத்தியயும் தப்பா நெனைக்க மாட்டேன்."

ஜெயக்கொடி இரண்டு மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "உனுக்காக யாரு வாங்கறா? எனுக்கும்தான் முடி கொட்டுது."

திங்கட்கிழமை விடியற்காலை அன்சிலா இரண்டு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றாள். முதல்முறை வாயிலேயே நின்று கசந்தது. இரண்டாம் முறை குமட்டியது. பேச்சி பின்னால் வந்து அவள் தலையை லேசாக முன்பக்கம் சாய்த்தாள். "கோழி மாதிரி அண்ணாந்து பாக்காத. கீழ பாரு, தண்ணிய உறிஞ்சு, எதயும் நெனைக்காத." இறங்கிவிட்டது. அடுத்ததும் இறங்கியது.

ஏழு மணிக்கு வரிசை நகர ஆரம்பித்தது. ஆய்வகக்காரர்கள் எப்போதும் கடைசி, அதனால் அன்சிலா வரிசையின் வாலில் நின்றாள். முதல் ஆள் பச்சை. இரண்டாம் ஆள் பச்சை. ஐந்தாவது ஜெயக்கொடி. சிவப்பு. அவள் அலட்டிக்கொள்ளாமல் ஓரமாகப் போய் நின்று கொண்டையைச் சரிசெய்தாள். பிறகு ஒரு பச்சை, இரண்டு சிவப்பு, மூன்று பச்சை. நாற்பது சிவப்பு வந்தபோது காவல்காரப் பெண் தொலைபேசியை எடுத்தாள். எழுபது வந்தபோது இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து வில்லையை மாற்றினார்கள். புது வில்லையும் சிவப்புதான் காட்டியது. நடுவில் ஒரு கட்டத்தில் பதினோரு பேர் தொடர்ந்து பச்சை. அன்சிலா தனக்கு முன்னால் மிச்சம் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தாள். ஓரத்தில் நின்றவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. குழந்தையை விட்டுவிட்டு வந்தவள் விரலை வைத்தாள். சிவப்பு. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

நூற்று ஒன்று. நூற்று இரண்டு.

அன்சிலாவுக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர் இருக்கும்போது நூற்று மூன்று வந்தது. விளக்கு சிவப்பாகவும் இல்லாமல் பச்சையாகவும் இல்லாமல் மஞ்சளாக மினுக்கி அணைந்தது. கதவு அப்படியே நின்றுவிட்டது.

ஆய்வகத்துப் படியில் இங்கிரித் புத்தகத்தோடு நின்றிருந்தாள். தேடிப் புரட்டவில்லை, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள். காலர் உரத்த குரலில் பத்திரிகைத் தமிழில் வாசித்தது. பழுது கதவினுடையது. முப்பது நாட்களின் சிவப்புகள் செல்லாது.

அன்சிலாவின் விரலில் ஊசி குத்தவே இல்லை.

புதன்கிழமை புதுக் கதவில் மறுபரிசோதனை நடந்தது. மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. முதலில் அந்த ஆறு பேர். பேச்சி விரலை வைத்துவிட்டு எண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐம்பத்தாறு, பச்சை. "மூணு வாரத்துக்கு எவ்வளவு எறங்கணுமோ அவ்வளவுதான் எறங்கியிருக்கு," என்று அன்சிலா சொன்னதை அவள் கேட்டாளா தெரியவில்லை. ஓரமாகப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அழுதாள்.

வேலை முடிந்து கிளம்பும்போது அன்சிலா இங்கிரித்தின் அறைவாசலில் நின்றாள்.

"முப்பது நாளுக்கு முன்னாடி போனவங்க மேடம்? அந்த நாற்பத்தொரு பேரு?"

மேசையில் பழுப்பு டப்பா இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு கோப்பு இருந்தது. இங்கிரித் அதை அன்சிலாவின் பக்கமாக நகர்த்தினாள். பெயர், ஊர், வீட்டு முகவரி. முதல் பக்கத்திலேயே ஒட்டப்பிடாரம், வெள்ளகோவில், முத்துப்பேட்டை.

விடுதிக்கு நடந்துகொண்டே அன்சிலா போனை எடுத்தாள். அம்மாவின் செய்தி காத்திருந்தது. *மக்கா சாப்டியா. மாத்திரை போட்டியா.*

"போட்டேம்மா. திங்கக்கெழம நெஜமாவே போட்டேன். ரெண்டு," என்று அவள் போனிடம் சொன்னாள். "அம்மா, இன்னொரு வேல இருக்கு. ஒரு நாற்பத்தொரு வீட்டு முகவரி அனுப்புறேன். அன்பியத்து அக்காமாரக் கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு வீட்டுலயும் ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்தக் கதவுல சிவப்பு வந்த அன்னிக்கு முடிக்கு மாத்திர போட்டீங்களான்னு. போட்டிருந்தா எழுதி வாங்கு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா தடவித் தடவி அடித்துக்கொண்டிருப்பாள்.

*சரி. நாளைக்கே போறோம். முடி கொட்டுறது நின்னுட்டா.*